பேசுகிற வெண்கலம்

கட்டிலுக்கு அடியில் கிடந்ததை எல்லாம் இழுத்து வெளியே வைத்து முடிப்பதற்குள் கோகிலவாணிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. பார்க்கச் சின்னச் சின்ன உருப்படிகள்தான். தூக்கினால்தான் தெரியும். மூன்று காலில் நிற்கிற தூபச்சட்டி ஒன்று அம்மிக்குழவி போல் கனத்தது. இன்னொரு சட்டிக்கு மூடியில் சிங்கம் உட்கார்ந்திருந்தது. முதுகில் பூவும் பறவையும் ஓடுகிற வட்ட வெண்கலக் கண்ணாடி ஒன்று, அதில் முகம் தெரிந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. குறுக்குவாட்டில் சாவி நுழைக்கிற பூட்டுகள், தேயிலை போட்டு வைக்கிற ஈயச் செப்புகள், நாக்கில்லாத மணிகள். எல்லாம் சீனத்துச் சாமான். தூசி தட்டலாம், அழுத்தித் துடைக்கக் கூடாது. புளி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. பித்தளையோ வெண்கலமோ, வீட்டில் இருந்தால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பழகிய கை அவளுடையது. பச்சை பூத்துக் கிடக்கிற இவற்றைத் தொடும்போதெல்லாம் இத்தனை வருஷமாக அந்தக் கை அரித்துக்கொண்டே இருக்கிறது.

வெள்ளியங்கிரி முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் குழாய். காலடியில் ஆக்சிஜன் மெஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் காது கேட்காது. அவர் மூச்சுக்காக ஓடுகிற அந்தச் சத்தத்தை வீட்டில் கேட்பவள் அவள் ஒருத்திதான். சமைக்கும்போதும் கேட்கும், தூங்கும்போதும் கேட்கும். சில சமயம் கரண்ட் போய் அது நின்றதும், பயத்துக்கு முன்னால் ஒரு நொடி அப்பாடா என்று இருக்கும். அந்த ஒரு நொடிக்காக அப்புறம் நெடுநேரம் அவள் மனசு குமையும்.

"சேலத்து பாய் எப்ப வர்றாராம்?" என்று அவர் கத்தினார். தன் குரலே தனக்குக் கேட்காததால் எதையும் கத்தித்தான் சொல்லுவார்.

அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டி, பிறகு ரோட்டுப் பக்கம் கையை நீட்டி மடக்கினாள். வண்டி கிளம்பிவிட்டது.

அது ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்காரர்களின் பாஷை. போர் போடுகிற இடத்தில் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாம் கைதான். முஷ்டியை மூடினால் நிறுத்து. உள்ளங்கையை மேலே தூக்கினால் துளைக்குள் இறங்குகிற ராடை ஏற்று. விரல்களைக் குவித்து மேல்நோக்கி உதிர்த்தால் தண்ணீர் வந்துவிட்டது. கையைப் பக்கவாட்டில் வீசி விசிறினால் வெறும் புகை, கல்தூள்தான் பறக்கிறது. இருபது வயதில் திருச்செங்கோட்டு ரிக் ஒன்றில் ஏறி, மத்தியப் பிரதேசம், வங்காளம், அஸ்ஸாம் என்று ஊர் ஊராகத் துளை போட்டுத் திரிந்த மனுஷர், கடைசியில் கம்ப்ரசருக்குக் காதையும் கல்தூளுக்கு நெஞ்சையும் கொடுத்துவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தபோது, இந்தக் கைப்பாஷையைத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். சோறு வெந்ததா, மாத்திரை போட்டாயா, பால்காரன் வந்தானா எல்லாவற்றுக்கும் அதிலேயே வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுச் சாலம்மாள் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். "ஏண்டி, ஊட்டுக்குள்ளயே டிராபிக் போலீஸ் வேல பாக்கறீங்களா ரெண்டு பேரும்? அவனுக்குத்தான் காது போச்சு, உனக்கு வாயுமா போச்சு?"

சாலம்மாள் இன்னொன்றும் சொல்லுவாள். "இந்த ஊருல ரிக்குக்குப் போனவன் எல்லாம் தோட்டம் வாங்கினான், கோழிப்பண்ணை போட்டான். உம்புருசன் மணி வாங்கியாந்தான். ஆட்டுக்குக் கட்டறதுக்குக் கூட ஆவாது, நாக்கு இல்ல."

அந்த மணியில்தான் எல்லாம் தொடங்கியது. மகள் சௌமியா பிறந்த வருஷம். வண்டிக்கு ஏதோ சாமான் வரவேண்டும் என்று சிலிகுரியில் மழைக்காலம் முழுக்க மாட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையில்லாமல் கடைவீதியில் சுற்றும்போது ஒரு கடையில் நாக்கில்லாத சீன மணியைப் பார்த்திருக்கிறார். கடைக்காரன் மரக்கட்டையால் தட்டிக் காட்ட, அவர் பழக்கத்தில் அதன்மேல் உள்ளங்கையைப் பட்டும் படாமல் வைத்துவிட்டார். ரிக்கில் அவர் பேர் வாங்கியதே அந்தக் கைக்குத்தான். ஓடுகிற ராடில் கையை வைத்து, நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே அதன் முனையில் குடைகிற பிட்டு கெட்டிப் பாறையில் இருக்கிறதா, வெடிப்பில் இருக்கிறதா, ஈரத்தைத் தொட்டுவிட்டதா என்று சொல்லுவார். மணி அவர் கைக்குள் நெடுநேரம் அதிர்ந்து பேசிக்கொண்டே இருந்ததாம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு, பிறந்து மூன்று மாதம் கழித்து, அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பார்த்தாள். கோபிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் ஒன்று. காலிம்போங், குவாஹாட்டி, திமாப்பூர். வாங்கும் விதம் ஒன்றேதான். தட்டுவார், கையை வைப்பார், நெடுநேரம் பேசினால் வாங்குவார். சட்டென்று அடங்கிவிட்டால் செத்த வெண்கலம் என்று திருப்பி வைத்துவிடுவார். ஊரில் இருக்கிற பத்து நாளும் வருபவர் போகிறவர்களுக்கெல்லாம் கதைதான். இது ராஜா வீட்டில் இருந்தது, இது மடத்தில் இருந்தது, இதற்கு ஐந்நூறு வருஷம். நம்பியவர்கள் உண்டு. டீக்கடையில் போய்ச் சிரித்தவர்களும் உண்டு. சிரித்த செய்தி அவளிடம்தான் முதலில் வந்து சேரும்.

இப்போது சௌமியா கோயமுத்தூரில் வீடெடுத்து, கீழ்த்தளத்தில் அப்பாவுக்கு என்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரி பக்கம். இங்கே என்றால் மூச்சு திணறும்போதெல்லாம் எருமப்பட்டி போய், அங்கிருந்து வண்டி பிடித்து நாமக்கல் போக வேண்டும். சுற்றிலும் கோழிப்பண்ணை வேறு. தீவன லாரி போனால் புழுதி, காற்று திரும்பினால் நாற்றம், சோற்றுத் தட்டில் ஈ. டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் வெள்ளியங்கிரி அசையவில்லை. விவரம் தெரிந்த ஒருத்தர் வந்து பார்க்க வேண்டும், இது நிஜச் சரக்குத்தான் என்று வாயால் சொல்ல வேண்டும், ஒரு நல்ல இடத்துக்கு இவை போய்ச் சேர வேண்டும். அதற்கப்புறம் எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். "எங்காது இதுலதான் இருக்குது. இத இங்க போட்டுட்டு நான் மட்டும் எப்படி வாரது?" என்றார். அவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிக்க வைத்து, இருமும்போதெல்லாம் முதுகைத் தடவி, அவளுக்கும் அறுபது நெருங்குகிறது. அந்த விவரம் தெரிந்தவர் வந்து ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்று, சாமி கும்பிடும்போதுகூட அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சௌமியா விசாரித்துப் பிடித்த ஆள் சேலத்துப் பரக்கத் அலி. பழம்பொருள் வியாபாரம். தாத்தா காலத்தில் பினாங்குக்குப் போய்வந்த குடும்பம், சீனத்துச் சாமான் நடுவிலேயே வளர்ந்தவர் என்றாள். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, பழைய மாருதி வண்டி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "உடம்பு முடியாதவர் இருக்கற வீடு, ரொம்ப நேரம் இருக்க மாட்டேன் தங்கச்சி" என்றார். ஆனால் நெடுநேரம் இருந்தார். கோகிலவாணி டீ கொடுத்தாள். குடித்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், பஞ்சு எல்லாம் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்தார். உள்விளிம்பை விரலால் தடவினார். பஞ்சை எதிலோ நனைத்து, பச்சையின்மேல் ஒற்றி எடுத்தார். எதையும் தட்டவில்லை.

வெள்ளியங்கிரி நாற்காலியில் முன்னால் சாய்ந்துவிட்டார். "தட்டிப் பாக்காம என்னத்தப் பாக்கறாரு இந்தாளு?" என்று அவளிடம் கேட்டார். ரகசியமாகக் கேட்பதாக நினைப்பு. தெருவுக்கே கேட்டது.

பாய் தலையைத் தூக்காமல் சிரித்தார். கோகிலவாணி தன் காதைத் தொட்டு, பாயைக் காட்டி, முஷ்டியை மூடினாள். அவருக்குக் காது கேட்கும், நிறுத்துங்கள்.

அவர் நிறுத்தவில்லை. குழாயோடு எழுந்து, ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்த அந்த முதல் மணியிடம் போனார். மரக்கட்டையை எடுத்து ஒரே ஒரு தட்டு. கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மணி அறை முழுக்க நிறைந்து, மெல்ல மெல்ல இறங்கி, இழைந்துகொண்டே இருந்தது. "பாத்துக்குங்க பாய். எவ்வளவு நேரம் பேசுது பாருங்க. இங்க இருக்கற அத்தனையும் இப்படித்தான் பேசும். செத்தத ஒண்ணுகூட எடுத்ததில்ல நானு. சிலிகுரியில ஒரு கெழவன், நேபாளத்தானா பூட்டானியான்னு தெரியல, கடையக் காலி பண்றேன்னு ஒரு சட்டியக் கையில குடுத்தான். மூணு காலு. மேல பூராப் பச்சை. தட்டினா ஓட்டாஞ்சில்லாட்ட இருந்துச்சு. ஓசியாக் குடுத்தான் பாய். ஓசியாக் குடுத்தும் வேண்டாம்னுட்டு வந்தேன்."

பாயின் கை அப்படியே நின்றது. பூதக்கண்ணாடியை மடித்துப் பைக்குள் வைத்தார். அதற்குள் வெள்ளியங்கிரிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கோகிலவாணி அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்து, முதுகைத் தடவி, மெஷினைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, "கை கழுவணும் தங்கச்சி" என்றார் பாய்.

பின்பக்கம் தொட்டியடியில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அவர் கழுவி முடித்தும் போகாமல் நின்றார். கொல்லிமலை வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எல்லாம் நல்ல வேலைதான்மா. குறை சொல்ல முடியாது. ஆனா பழசு இல்ல. ஊர்சுத்திப் பாக்க வர்றவங்களுக்குன்னு செய்யறது. அடியில ராசா பேரு வெட்டியிருக்கு, அத யாரு வேணா வெட்டலாம். பச்சையும் மருந்து வச்சு ஏத்தினது." பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காட்டினார். பச்சை பஞ்சில் இருந்தது.

"எல்லாமேங்களா?"

"அந்த ஈயச் செப்பு ரெண்டும் எங்க தாத்தா காலத்துது இருக்கும். அது யாரும் தேடற சாமான் இல்ல."

"அவரு ஒவ்வொண்ணும் தட்டிப் பாத்துத்தான் வாங்கினாருங்க. கையில தெரியும்னு சொல்லுவாருங்க."

பாய் பஞ்சைப் பைக்குள் வைத்தார். "அங்கதாம்மா தப்பாப் போச்சு. நெடுநேரம் பேசுதுன்னா நல்ல வார்ப்புன்னு அர்த்தம். போன மாசம் வார்த்தாலும் பேசும். மண்ணுக்குள்ள நூறு நூறா வருசம் கெடந்தது பேசாது. உள்ள இருக்கற உலோகமே மாறிப்போயிருக்கும். ஓட்டாஞ்சில்லு மாதிரின்னு சொன்னாரே, அப்படித்தான் இருக்கும்."

"அப்ப அந்தக் கெழவன் குடுத்தது?"

"பாக்காம சொல்லக் கூடாதும்மா," என்றார். ஆனால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோகிலவாணிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சின்னதாக, கெட்டதாக ஒரு சந்தோஷம். டீக்கடையில் சிரித்தவர்கள் சொன்னதைத்தானே அவளும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். தொட்டில் ஆட்டின கையோடு, தனியாகக் கிடந்த வருஷங்களோடு, அது எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் நிமிர்ந்து நின்றது. பிறகு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டது. கை போன பக்கமெல்லாம் நம்பிப் போன மனுஷர். அந்தக் கையே அவரை ஒவ்வொரு கடையிலும் நிஜத்தை விட்டு விலக்கிக் கொண்டுபோய்ப் பொய்யில் நிறுத்தியிருக்கிறது. இதை அவருக்கு எப்படிச் சொல்லுவது என்று நினைத்தபோது, தண்ணீர்ச் சொம்பைக்கூடக் கீழே வைக்கத் தெம்பில்லாத அலுப்பு வந்தது.

"நான் வேணா எழுதிக் காட்டட்டுமா?" என்றார் பாய். அவள் தலையாட்டாததைப் பார்த்து மெல்லச் சொன்னார், "இல்லேன்னா ஒண்ணு செய்யலாம் தங்கச்சி. எல்லாம் சரக்குதான்னு சொல்லி, நான் எடுத்துட்டுப் போற மாதிரி எடுத்துட்டுப் போயிடறேன். கடையில ஒரு மூலையில கெடக்கட்டும். அவருக்கும் மனசு ஆறும். நீங்களும் மக வீட்டுக்குப் போகலாம்."

நாளைக்கே போகலாம். சௌமியாவுக்கு ஒரு போன் போதும். உள்ளே போய் விரல்களைக் குவித்து மேலே உதிர்த்தால் போதும். தண்ணீர் வந்துவிட்டது. அவள் அந்தச் சைகையை மனசுக்குள் ஒரு தடவை செய்தும் பார்த்தாள். ரிக்கில் செய்யக் கூடாத காரியம் அது ஒன்றுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். எண்ணெய் திருடலாம், முதலாளியை ஏமாற்றலாம், வராத தண்ணீருக்கு மட்டும் கையைக் காட்டக் கூடாது. அப்படிக் காட்டின கை விளங்காது. அதே சமயம், வறண்ட துளை என்று தெரிந்தபிறகும் புகை என்று, போர் போடச் சொன்ன காட்டுக்காரர் முகத்துக்கு நேராக எவனும் கையை விசிற மாட்டான். குடும்பமே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். நகையை அடகு வைத்துப் போடுகிற போர். அப்போது துளை போடுகிற டிரில்லர் ஒரு விரலை மட்டும் தூக்குவான். இன்னும் ஒரு ராடு. போட்டுத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்த ஆழத்தில் அந்த விரல் எழுந்தால் என்ன அர்த்தம் என்று காட்டுக்காரருக்குத் தெரியும். "ஒண்ணுமே கேக்க மாட்டாங்க வாணி," என்று காது நன்றாக இருந்த காலத்தில் சொன்னார். "எந்த ஊரா இருந்தாலும் சரி, எந்த பாசையா இருந்தாலும் சரி. பொண்டாட்டி பக்கம் திரும்பி, வந்த பசங்களுக்கு டீ குடுத்தியான்னுதான் கேப்பாங்க."

வீட்டுக்குள் அந்த ஒற்றை விரல் சைகை மட்டும் வந்ததில்லை.

"வேண்டாமுங்க," என்றாள் பாயிடம். "நானே சொல்லிக்கறேன். எங்க பாசையில சொன்னாத்தான் அவருக்கு வெளங்கும்."

பாய் உள்ளே போய் வெள்ளியங்கிரியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெள்ளியங்கிரி அந்த முகத்தையே பார்த்தார். பிறகு பிடித்த கையைக் குனிந்து பார்த்தார், அதில் ஏதாவது ஓடுகிறதா என்று பார்ப்பதுபோல. வண்டி கிளம்பிப் பண்ணைப் பக்கம் திரும்பும்வரை கோகிலவாணி வாசலில் நின்றாள். திரும்பி வர மனசில்லை. சாலம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "என்னடி ஆச்சு, ராசாவூட்டுச் சாமானா?" என்றாள்.

"அப்பறம் வாரேங்க்கா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் காத்துக்கொண்டிருந்தார். தரை முழுக்கச் சட்டியும் பூட்டும் கண்ணாடியும் கவிழ்த்தது கவிழ்த்தபடியே கிடந்தன. அவர் வாயால் கேட்கவில்லை. விரல்களைக் குவித்து மேலே உதிர்த்தார். அப்புறம் கையைப் பக்கவாட்டில் விசிறினார். தண்ணியா, புகையா.

கோகிலவாணி எதிரே நின்றாள். கை இரண்டும் சேலைத் தலைப்பில் சுற்றிக் கிடந்தது. சௌமியா ஒழித்து வைத்திருக்கிற அறை ஞாபகம் வந்தது. அதன் ஜன்னலுக்குத் திரைகூட வாங்கிவிட்டதாகச் சொன்னாள். மெஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலைப்பிலிருந்து வலது கையை எடுத்தாள். ஒரு விரலைத் தூக்கினாள்.

அவர் அந்த விரலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் விரலைப் பார்த்தார். தரையில் கிடந்த சிங்க மூடியின்மேல் ஓர் ஈ உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடியில் போட்டுக்கொண்டார்.

"பாய்க்கு டீ குடுத்தியா?" என்றார். அவர் இத்தனை மெதுவாகப் பேசி அவள் பல வருஷமாகக் கேட்டதில்லை.

அவள் தலையாட்டினாள். கொடுத்தேன். தூக்கின விரல் இன்னும் அப்படியே இருந்தது தெரிந்து, கையைக் கீழே போட்டாள். சாமான்களை மறுபடியும் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும். மாத்திரைக்கு நேரமாகியிருக்கும். அவர் மெல்ல எழுந்து, குழாய் நீள்கிற மட்டும் நடந்து, ஜன்னல் கம்பியில் தொங்கிய மணியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கட்டையை எடுக்கவில்லை. தினமும் தட்டச் சொல்லி அவளைக் கூப்பிடுவார், எனக்கு வேற வேல இல்லீங்களா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வந்து தட்டுவாள். இன்றைக்கு அவர் கூப்பிடவில்லை.

கோகிலவாணி போய்க் கட்டையை எடுத்துத் தட்டினாள்.

சத்தம் எழுந்து, சுவரெல்லாம் தொட்டு, ஜன்னல் வழியாகப் பண்ணைப் பக்கம் போய், திரும்பி வந்து, மெஷின் சத்தத்துக்கு மேலே இழையாக நின்று, அப்புறம் அதற்குள் கலந்தது. அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுக்குச் சத்தம் நின்றுபோயிற்று. அவர் கையை எடுக்கவில்லை.